முயல் கொட்டகை

வெளியாள் எவரையும் உள்ளே விடாத நாடு அது. அணுகுண்டு இருக்கிறது, அரிசிக்குத்தான் பஞ்சம். எட்ட இருந்தே அந்த நாட்டை ஆயுசுக்கும் படித்தவர் பேராசிரியர் ஜமீலா. சென்னையில் அவருடைய அறையில் உட்கார்ந்தால் அந்த ஊர்ச் சந்தை இரைச்சல் காதில் விழும் என்பார்கள். கொஞ்சம் மிகைதான், ஆனால் பேச்சு அப்படி இருக்கும்.

அவரிடம் ஆய்வு செய்ய வந்தவர் தேவசகாயம், கடற்படையில் ஓய்வு பெற்றவர். ஆசிரியரைவிட மூத்த மாணவர். இவர் ‘மேடம்’ என்பார், அவர் ‘சார்’ என்பார்.

அந்த நாட்டிலிருந்து தப்பி வந்த ஒருவர் நம்பிச் சொன்னதை வைத்து, தேவசகாயம் தன் முதல் கட்டுரையை எழுதி முடித்திருந்தார். மறுநாள் அச்சுக்குப் போக வேண்டும். படிக்கப் படிக்க ஜமீலாவுக்கு முகம் மலர்ந்தது. ஓர் இடத்தில் பென்சில் நின்றது. அந்த வரியை அடித்துவிட்டார்.

‘அணு உலையைக் காக்கும் படைவீரர்கள், படகுத்துறை அருகே முயல் வளர்க்கும் ஒரு பெண்ணிடம் டீசலைக் கொடுத்து முயல் வாங்கிப் போகிறார்கள்.’

தேவசகாயம் பதறிப்போனார்.

“மேடம், கட்டுரைக்கு உசிரே இந்த வரிதான்! குண்டுக்குக் காவல் நிக்கிறவனுக்கே சோறு பத்தலைன்னு இதைவிட எப்படிச் சொல்றது?”

“உண்மைதான் சார். படை டீசலை வாங்கினா அங்க என்ன தண்டனை?”

“தெரியும். உசிர் தப்பாது. அதனாலதானே அந்தப் பொண்ணு பேரை எழுதல. நம்மகிட்ட சொன்னவர் அவளோட அண்ணன்னும் எழுதல. யாருக்குத் தெரியப்போகுது?”

ஜமீலா வாதாடவில்லை. கணினியை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

“இந்த ஒரு வரியை மட்டும் வச்சுக்கிட்டு அவ வீட்டைத் தேடுங்க.”

தேவசகாயத்துக்கு இது அல்வா சாப்பிடுகிற மாதிரி. கடலில் அடுத்தவன் கப்பலைத் தேடியே தலை நரைத்தவர். செயற்கைக்கோள் படத்தை விரித்தார். அணு உலைக்குக் கீழே ஆறு. ஆற்றுக்கு ஒரே படகுத்துறை. அதையொட்டிச் சில வீடுகள். அதில் ஒரு வீட்டுக்குப் பின்னால் மட்டும் நீளமாகத் தகரக் கொட்டகை, பக்கத்தில் பீப்பாய்கள்.

ஜமீலா கொண்டுவந்து வைத்த டீ இன்னும் ஆறவில்லை.

“மேடம், மாட்டிக்கிச்சு! இதே வீடுதான். முற்றத்துல சோளம்கூடக் காயுது பாருங்க!” சின்னப் பிள்ளைபோல் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

ஜமீலா குனிந்து பார்த்தார். மஞ்சளாகத்தான் காய்ந்துகொண்டிருந்தது.

“சபாஷ் சார்,” என்று மனதார மெச்சினார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

“உங்களை மாதிரி கெட்டிக்காரங்க அந்த நாட்டுலயும் இருப்பாங்க, இல்லையா?”