ஏப்பமறியானும் கறிச் சோமாசும்

முன்னொரு காலத்தில், மந்திரவாதிகள்கூட வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வந்த காலத்தில், நீலக்கேணி நாட்டில் நல்லமுத்து என்றொருவன் ஆடு வளர்த்து வந்தான். அவன் மனைவி பூமயில் ஆட்டுப்பாலைத் திரியவைத்து, துணியில் கட்டித் தொங்கவிட்டு, பாலாடைக்கட்டி செய்வாள். பசி என்று வந்தவர்களை அந்த வீடு திருப்பி அனுப்பியதில்லை.

ஒரு மத்தியானம் ஏப்பமறியான் என்ற மந்திரவாதி வந்து இலையில் உட்கார்ந்தான். வயிறு நிறைவது என்றால் என்னவென்று தெரியாதவன் என்பதால் அந்தப் பெயர். பதினோரு தடவை சோறு வாங்கினான். பதினோரு தடவையும் "இன்னும்" என்றான். பன்னிரண்டாவது தடவை குனிந்த நல்லமுத்து, இடுப்பு வலியில், கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டான்.

"போதுமா?"

கேட்டுக்கொண்டிருப்பவர்களே, உங்களுக்கே தெரியும். "இன்னும் கொஞ்சம் போடவா?" என்று கேட்கலாம். "கறியைத் தொடவே இல்லையே, பிடிக்கவில்லையா?" என்று பொய்யாகக் கோபிக்கலாம். இலையில் இருப்பவரைப் பார்த்துப் "போதுமா?" என்பது, எழுந்து போ என்பதற்குச் சமம்.

மந்திரவாதி எச்சில் கையை உதறினான். நல்லமுத்து நின்ற இடத்தில் ஓர் இரும்புச் சட்டி உருண்டது.

"மூன்று நாள் தருகிறேன்" என்றான் அவன் பூமயிலிடம். "தினமும் சாப்பிட வருவேன். கறிச் சமையல் இந்தச் சட்டியில்தான். மூன்றாம் நாள் பொழுது சாய்வதற்குள் என் வாயால் 'போதும்' என்று சொல்லவை, உன் புருஷன் எழுந்து வருவான். இல்லாவிட்டால் சட்டி என்னோடு வந்துவிடும்."

அவன் போனதும் பூமயில் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். சட்டி பேசியது.

"புள்ள, அழாதே. என்னை அடுப்பில் வை."

"உங்களை எப்படி மச்சான் நெருப்பில் வைப்பேன்?"

"சூடு ஒன்றும் தெரியவில்லை. வெங்காயத்தைப் போடும்போதுதான் கண் எரியும் போலிருக்கிறது."

முதல் நாள் பூமயில் இரண்டு கிடாய் அடித்துக் குழம்பு வைத்தாள். தின்றுவிட்டு "இன்னும்" என்றான். இரண்டாம் நாள் மூன்று கிடாய் அடித்து வறுத்தாள். தெருவே சோறு வடித்துக் கொடுத்தது. தின்றுவிட்டு "இன்னும்" என்றான்.

மூன்றாம் நாள் காலையில் பட்டியில் சினையாடுகள்தான் நின்றன. அவற்றைத் தொடக் கூடாது. வீட்டில் மிஞ்சியது ஒரு கிண்ணம் கொத்துக்கறி, உள்ளங்கை அளவு பாலாடைக்கட்டி, இரண்டு படி கோதுமை மாவு.

"கறி குறைந்தால் மாவுக்குள் வைத்து மடித்துச் சோமாசு சுடு" என்றது சட்டி.

பூமயில் வெங்காயமும் மிளகும் போட்டுக் கொத்துக்கறியை ஈரம் வற்ற வதக்கி, ஆறவிட்டு, பாலாடைக்கட்டியை உதிர்த்துச் சேர்த்தாள். மாவைப் பிசைந்துகொண்டிருக்கும்போதே மந்திரவாதி வந்துவிட்டான்.

"இன்னும் ஆகவில்லையா?"

"எப்படி ஆகும்? மாவு தேய்த்துக் கொடுப்பவர் அவர். அவரைத்தான் சட்டியாக்கிவிட்டீர்களே. பசி என்றால் நீங்களே வந்து உட்காருங்கள், சாமி."

அப்படி அவனிடம் யாரும் சொன்னதில்லை. கைகால் கழுவிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தான்.

பூமயில் வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். அவன் ஒரு வட்டத்தில் கறியைக் குவித்து, இழுத்து மூடி, எண்ணெயில் போட்டான். அது வெடித்தது. எண்ணெய் தெறித்துத் தாடி கருகியது.

"எனக்கும் காதில் தெறித்தது" என்றது சட்டி.

"உனக்கு ஏது காது?" என்றான் மந்திரவாதி.

இரண்டாவதில் சற்றுக் குறைத்தான். ஓரம் வாய் பிளந்து, பாலாடைக்கட்டி உருகி வழிந்து கருகியது. அவன் முகம் வாடிவிட்டது.

"ஒரு கரண்டி வையுங்கள். ஓரத்தில் தண்ணீர் தொட்டு மடியுங்கள். பிறகு விரலால் கிள்ளிக் கிள்ளி மடிப்பு வையுங்கள்" என்றாள் பூமயில்.

மூன்றாவதை அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு மடித்தான். எண்ணெயில் மூழ்கி, பிறை நிலா போலப் பொன்னிறமாக எழுந்து வந்தது.

"உடையவில்லை" என்றான்.

"உடையவில்லை, சாமி."

அவன் அதைத் தின்னவில்லை. பக்கத்தில் ஓர் இலைத் துண்டில் வைத்துக்கொண்டு பார்த்தான். கையெட்டும் தூரத்தில் இருந்த ஒன்றை அவன் தின்னாமல் விட்டது அதுதான் முதல் தடவை. பூமயில் அதைக் கவனித்தாள்.

எண்ணெயெல்லாம் கருகல். சட்டியை இறக்கி, எண்ணெயை மண்கலத்தில் வடித்து, சட்டியைத் துடைத்துத் தரையில் வைத்தாள். இருவரும் மீதி வட்டங்களை மடித்தார்கள். வெயில் ஜன்னலின் கடைசிக் கம்பிக்கு இறங்கியபோது ஒரே ஒரு வட்டம் மிச்சமிருந்தது. பூமயில் அதை எடுத்து ஒரு கரண்டி வைத்தாள். மந்திரவாதி தலையசைத்தான். இரண்டாவது கரண்டி வைத்தாள். அவன் கழுத்தை நீட்டினான். மூன்றாவது கரண்டியை எடுத்தாள். மாவு அதற்குள் நீண்டு கண்ணாடிபோல் மெலிந்திருந்தது.

"போதும், தாயி, போதும். கிழிந்துவிடும்" என்று அவள் கையைப் பிடித்தான்.

சட்டி ஒரு சுற்றுச் சுற்றியது. நல்லமுத்து முதுகெல்லாம் கரியும் உச்சந்தலையில் எண்ணெயுமாக எழுந்து நின்றான். பூமயில் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள். துடைத்து முடிக்க நெடுநேரமானது.

மந்திரவாதிக்குக் கோபம் வரவில்லை. "முந்நூறு வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். யாரும் என்னை அடுப்படிக்குள் விட்டதில்லை" என்றான்.

"நீங்கள் கேட்டதில்லையே" என்றாள் பூமயில்.

பொரிக்கச் சட்டி வேண்டுமே. அவன் பைக்குள் ஊதி, புதுச் சட்டி ஒன்றை எடுத்தான். நல்லமுத்து அதைத் தட்டி, "உள்ளே யாராவது இருக்கிறீர்களா?" என்று மூன்று தடவை கேட்ட பிறகுதான் அடுப்பில் ஏற்றவிட்டான். மந்திரவாதி அப்படியே பட்டியின் பக்கம் ஒருமுறை ஊதினான். அந்த வருஷம் சினையாடுகள் எல்லாம் இரட்டைக் குட்டி ஈன்றன.

அன்று மூவரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். நல்லமுத்து தட்டோடு குனிந்தான்.

"இன்னும் ரெண்டு வைக்கட்டுங்களா?"

மந்திரவாதி யோசித்தான். "ஒன்று வை" என்றான்.

அதைத் தின்றான். தான் செய்த முதல் சோமாசைக் கடைசியாகத் தின்றான். பிறகு ஓர் ஏப்பம் விட்டான். கேணியில் தண்ணீர் தளும்பிற்று, மலையில் கிளிகள் பறந்தன, அவனுக்கு ஊரார் வேறு பெயர் தேட வேண்டியதாயிற்று.