வரி முடியட்டும் என்று

முதலில் கேட்டது ஒரு நாற்காலி சாய்ந்த சத்தம். அடுத்து, கண்ணாடி கிளாஸ் ஒன்று தரையில் உருண்டு எதிலோ முட்டி நின்ற சத்தம்.

இன்னாசி தலை நிமிரவில்லை. கீபோர்டில் இரண்டு கையும் ஓடிக்கொண்டிருந்தன. பாரில் நாற்காலி சாய்வது புதிதில்லை. அதோடு, அந்தச் சத்தம் வந்த அதே மூச்சில் ஜம்பு மாஸ்டரின் டிரம்பெட் மேலே ஏறிவிட்டது. டிரம்பெட் ஏறினால் மற்ற மூன்று பேரும் பின்னாலேயே ஓட வேண்டும். அந்த பேண்டின் வழக்கம் அது. ஓடினார்கள். கூட்டம் மேடைப் பக்கம் திரும்பி மேசையைத் தட்டியது. யாரோ விசில் அடித்தார்கள்.

பாட்டு முடிந்த பிறகுதான் சர்வர் தூணுக்குப் பின்னால் இருந்த மேசைக்குப் போனான். போனவன் தட்டைக் கீழே போட்டான்.

மீன் ஏலம் விடும் சந்தானம் அங்கே கிடந்தார். தொண்டையில் கறித்துண்டு. கடற்கரை முழுக்கக் கேட்கிற குரல் அவருடையது. அன்றைக்கு அது வெளியே வரவில்லை. முகம் நீலம் பாரித்திருந்தது. ஆட்டோவில் ஏற்றும்போதே கை தொங்கியது. கொஞ்சம் முன்னால் யாராவது முதுகில் ஓங்கித் தட்டியிருந்தால் பிழைத்திருப்பார் என்று ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் சொன்னாளாம். சர்வர் திரும்பி வந்து அதை எல்லோருக்கும் சொன்னான்.

காரைக்காலில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு லாட்ஜின் கீழ்த்தளம் அந்த பார். குடிக்க வருகிறவர்கள் பாட்டும் கேட்டுவிட்டுப் போகட்டும் என்று முதலாளி நாலு பேரை வைத்திருந்தார். நாலு பேரும் நாலு இடத்தில் இசையைப் பொறுக்கியவர்கள். பாடுகிற ஷாகுல் தர்காக்களில் பாடிப் பழகியவன். கண்ணை மூடினால் பாட்டு முடிந்துதான் திறப்பான். டிரம்ஸ் அடிக்கிற சிங்காரம் சாவு ஊர்வலங்களில் அடித்து அடித்து, பக்கத்தில் வெடித்த வெடிக்கு ஒரு காதைக் கொடுத்தவன். ஜம்பு மாஸ்டர் பிறந்ததே சர்க்கஸ் கூடாரத்தில் என்பார்கள்; அவர் மறுத்ததில்லை.

இன்னாசி மாதா கோயில் ஆர்கன்காரர். பாதி ஆயுசு வாசித்த கோயிலில் ஒரு பெட்டி வந்து இறங்கியது. பட்டனை அமுக்கினால் அதுவே வாசித்தது. வீட்டில் சும்மா கிடந்தவரை ஜம்பு மாஸ்டர்தான் தேடிவந்து கூப்பிட்டார். வயதில் இன்னாசிதான் மூத்தவர். ஆனாலும் பார் வாசிப்பில் அரிச்சுவடி தெரியாமல் வந்ததால் மாஸ்டருக்கே சீடராகிப் போனார். மாஸ்டரும் அவரை ‘அண்ணே’ என்று கூப்பிட்டுத்தான் கற்றுக்கொடுத்தார்.

அன்று இரவு இன்னாசிக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அந்தப் பாட்டை மனசுக்குள் ஓடவிட்டுப் பார்த்தார். எவ்வளவு வேகமாக ஓடவிட்டாலும் அது நீண்டுகொண்டே போனது.

மறுநாள் காலையில் பாருக்குப் போனார். கதவு சாத்தியிருந்தது, உள்ளே நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்துவிட்டு பாக்கியம் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். தூணுக்குப் பின்னால் இருந்த மேசையில் மட்டும் நாற்காலி இறக்கப்பட்டிருந்தது. மாஸ்டர் அதில் உட்கார்ந்திருந்தார்.

“சிங்காரம் வரலையா?”

“சந்தானம் வீட்டுல மேளத்துக்குச் சொல்லி விட்டாங்க. போயிருக்கான்.”

“நான் கீபோர்டை எடுத்துட்டுப் போக வந்தேன் மாஸ்டர்.”

“உங்க கீபோர்டு. எடுத்துட்டுப் போங்கண்ணே.”

இன்னாசி எடுக்கவில்லை.

“ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க.”

“நேத்து அவர் விழுந்ததைப் பார்த்தீங்களா?”

“பார்த்தேன். தொண்டையைப் பிடிச்சுக்கிட்டு எழுந்தார். நாற்காலியோட சாய்ஞ்சார். மேடையில நான் நிக்கிற இடத்துலேர்ந்து இந்த மேசை நல்லாத் தெரியும்.”

“பார்த்துட்டா வாசிச்சீங்க?”

“பார்த்ததாலதான் வாசிச்சேன்.”

இன்னாசி மேடை ஓரத்தில் உட்கார்ந்தார்.

மாஸ்டர் மேசையைப் பார்த்தபடி சொன்னார்.

“சர்க்கஸ்ல ஊஞ்சல் ஆடுறவங்க கை தவறி விழுவாங்க. விழுந்தா பேண்டுக்கு ஒரே வேலை. சத்தத்தை ஏத்தணும். ஜனங்க நம்ம பக்கம் திரும்பணும். அதுக்குள்ள அந்தப் பக்கம் ஆளைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. எனக்கு மீசை முளைக்கிறதுக்கு முன்னாடியே அது கைக்கு வந்துடுச்சு.”

“அங்க தூக்குறதுக்கு ஆள் இருந்தான்.”

“இருந்தான்.”

“இங்க யாரு இருந்தா?”

“அது பாட்டு முடிஞ்சப்புறம்தான் ஞாபகம் வந்துச்சுண்ணே.”

பாக்கியம் வாளியை நகர்த்தினாள். அது தரையில் கீறிக்கொண்டு போனது.

“ஞாபகம்” என்றார் இன்னாசி. “ஒரு ஆளு செத்துப் போயிட்டாரு மாஸ்டர். ரெண்டு பொண்ணு இருக்கு அவருக்கு.”

“தெரியும். பெரியவ நேத்து ஆஸ்பத்திரி வாசல்ல செருப்பில்லாம நின்னா.”

“உங்க பின்னாடியே நானும் ஓடினேன். என்னத்துக்கு ஓடுறோம்னு தெரியாம ஓடினேன். இனிமே உங்க பக்கத்துல உட்கார்ந்து வாசிக்க எனக்கு முடியாது. இது கோயில்ல வாசிச்ச கை.”

மாஸ்டர் தலையை ஆட்டினார்.

“கோயில்ல வாசிச்ச கைதான். போறதுக்கு முன்னாடி ஒரு தடவை வாசிங்க. மாதா பாட்டு ஏதாவது.”

“இங்கயா?”

“கதவு சாத்தியிருக்கு. பாக்கியம் வேணும்னா காதைப் பொத்திக்கட்டும்.”

“நான் எதுக்குப் பொத்தணும்? உங்க பாட்டை யாரு கேட்டா? எனக்கு இன்னும் ரெண்டு கக்கூஸ் கழுவணும்” என்றாள் பாக்கியம், தரையிலிருந்து பார்வையை எடுக்காமலே.

இன்னாசி எழுந்து போய் கீபோர்டின் முன்னால் உட்கார்ந்து, ஆர்கன் சத்தத்துக்கு மாற்றினார். விரலை வைத்ததும் பாட்டு தானே வந்தது. எத்தனை சாவுக்கும் கல்யாணத்துக்கும் வாசித்த பாட்டு. முதல் சரணம் முடிந்து இரண்டாவது ஆரம்பித்தது. அவருக்குக் கண் கலங்கியது.

தடாலென்று நாற்காலி சாய்ந்தது. ஆள் விழுந்த சத்தம். மேசை விளிம்பில் மண்டை இடித்த சத்தமும் கேட்டது.

இன்னாசி திரும்பினார். தூணுக்கு இந்தப் பக்கம் மாஸ்டரின் இரண்டு கால் மட்டும் தெரிந்தன. அசையவில்லை.

பாக்கியம் மாப்பைப் போட்டுவிட்டு ஓடினாள். தான் துடைத்த ஈரத்திலேயே வழுக்கி, மேசையைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஓடினாள்.

இன்னாசியின் விரல்கள் அந்தப் பாட்டு வரியின் கடைசிச் சொல் வரைக்கும் போயின. அங்கே கொஞ்சம் தங்கின. மெதுவாக இறங்கின. அதன் பிறகுதான் அவர் எழுந்தார்.

அவர் வந்து சேர்ந்தபோது மாஸ்டரின் தலை பாக்கியத்தின் மடியில் இருந்தது. அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் மயக்கம் எதுவும் இல்லாதவராகத் தெளிவாகக் கண்ணைத் திறந்தார். புருவத்துக்கு மேல் தோல் கிழிந்து ரத்தம் வந்தது.

“என்னய்யா விளையாட்டு இது?” பாக்கியம் அவர் தலையைத் தரைக்குத் தள்ளிவிட்டு எழுந்தாள். “நேத்துத்தான் இதே இடத்துல ஒரு உசுரு போச்சு. வெக்கமா இல்ல?”

மாஸ்டர் கிடந்தபடியே இன்னாசியைப் பார்த்தார்.

“விழுந்தது கேட்டுச்சாண்ணே?”

“கேட்டுச்சு.”

“பார்த்தீங்களா?”

“காலு தெரிஞ்சுது.”

“அப்புறம்?”

இன்னாசி தன் விரல்களைப் பார்த்தார். அவை யாருடையவோ போல இருந்தன.

“வரி முடியட்டும்னு...”

மாஸ்டர் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

“வெயில் காலத்துல பூசைக்கு நடுவுல யாராவது மயங்கி விழுவாங்க. பக்கத்துல நிக்கிறவங்க வெளிய தூக்கிட்டுப் போவாங்க. நான் வரியை அறுத்தா பங்குச்சாமி முறைப்பார். அதனால...”

கடற்கரைப் பக்கமிருந்து மேளச் சத்தம் வந்தது. சிங்காரத்தின் அடி. கேட்டால் தெரியும். அது கிளம்பிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, பேருந்துகளின் இரைச்சலில் மறைந்தது.

“இந்தப் பழக்கம் கையை விட்டுப் போகுமா மாஸ்டர்?”

மாஸ்டர் புறங்கையால் ரத்தத்தைத் துடைத்தார். எழுந்து, சாய்ந்த நாற்காலியை நிமிர்த்தினார். அதிலேயே மறுபடி உட்கார்ந்தார்.

“திரும்ப வாசிங்கண்ணே. நான் திரும்ப விழறேன்.”

இன்னாசி மேடையை நோக்கி நடந்தார்.

பாக்கியம் கீழே கிடந்த மாப்பை எடுத்தாள். வாளியில் முக்கிப் பிழிந்து, விட்ட இடத்திலிருந்து தரையைத் துடைக்க ஆரம்பித்தாள்.