பேட்டரியைக் கழற்றிய பிறகும்

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பயமாகத்தான் இருக்கிறது. மோட்டாரில் பிளஸ், மைனஸ் மாறிப்போனால் வண்டி பின்னால் ஓடும், அவ்வளவுதான். கதை மாறிப்போனால் யார் கழற்றி மாட்டுவது?

தூத்துக்குடியில் மெகருன்னிசா என்று ஒரு டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வீட்டு மொட்டைமாடியில், வெயில் பட்டதும் தானே நகரும் சின்னப் பூச்சி ரோபோக்கள் செய்யக் கற்றுத்தந்தாள். கையகல சோலார் தகடு, பழைய சாமானில் பிடுங்கிய மோட்டார், நாலு கம்பி. பூச்சி தயார்.

அவளிடம் படித்தவர்களில் ஒருத்தி அமலோற்பவம். டீச்சரைவிட வயதில் மூத்தவள். எட்டாவதோடு நின்றவள். எதற்கெடுத்தாலும் நெஞ்சு படபடக்கும். ஆனாலும் அவள் செய்த பூச்சி முதல்முறை நகர்ந்த நாளிலிருந்து, அவளுக்கு வாரம் என்றால் ஞாயிறுதான்.

ஒரு ஞாயிறு, டீச்சர் கொடுத்த சாமான்களையெல்லாம் பையோடு கொண்டுவந்து வைத்தாள். மேலே பாதி பிரித்த பழைய கேமரா ஒன்று.

"நீங்களே வச்சுக்குங்க டீச்சர். எனக்கு இது சரிவராது."

"என்னக்கா ஆச்சு?"

"மோட்டாருக்காக இதப் பிரிச்சேன். பிளாஷ் அடிக்குதான்னு பாத்துட்டு, பேட்டரியக் கழட்டிட்டுத்தான் கை வச்சேன். மாதா சத்தியமா கழட்டிட்டேன். அப்பவும் கரண்ட் தூக்கிப் போட்டுட்டுது."

விரல் நுனி கன்றியிருந்தது. டீச்சர் பிடித்துப் பார்த்தாள்.

"பிளாஷ் பக்கத்துல உருண்டையா நிக்குதே, கெப்பாசிட்டர். வாங்குன கரண்ட்ட வச்சிருக்கும். பேட்டரி போனது அதுக்குத் தெரியாது."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும். என் தப்புதான்."

அமலோற்பவத்துக்கு அதற்குமேல் சண்டை போட வரவில்லை.

"எங்க வீட்டுக்காரங்க சிரிக்கிறாங்க டீச்சர். 'எட்டாங்கிளாசுக்கு எதுக்குட்டி கரண்ட்டு? பொம்பள தொடுற சாமானா இது? இன்னையோட குடுத்துட்டு வா'ன்னுட்டாங்க."

"சூசை அண்ணனுக்கு ஷாக் அடிச்சதே இல்லையா?"

"ஏன் இல்ல? மோட்டார் சுவிட்சுல ஒருதடவ. மிக்சியப் பிரிச்சு ஒருதடவ. ஸ்டார் கட்டுறேன்னு கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ்."

"அதுல எத விட்டாங்க?"

அமலோற்பவம் பையை டீச்சர் பக்கம் தள்ளினாள்.

"எனக்குப் பயமா இருக்கு டீச்சர். பயம் தெளிஞ்சபெறவு வாரேனே."

டீச்சர் டப்பாவிலிருந்து கரண்ட் பார்க்கும் முள் மீட்டரையும் ஒரு கம்பியையும் எடுத்தாள். கம்பியின் நடுவில் ரெசிஸ்டர். இரண்டு முனையிலும் ரப்பர் உறை போட்ட கவ்விகள்.

"கெப்பாசிட்டரோட ரெண்டு காலையும் இதால கவ்வ விடுங்க. உள்ள இருக்கிறது மெதுவா வடிஞ்சிரும். ஒத்தக் கைதான் வேலை செய்யணும். மத்தது முதுகுக்குப் பின்னால. மீட்டர்ல பூஜ்யம் வராம எதையும் தொடக் கூடாது."

"பயந்தாங்கொள்ளிக்கு இதக் குடுத்து என்ன டீச்சர்?"

"பயம் இல்லாதவங்களுக்கு நான் இதக் குடுக்கறதே இல்லக்கா. வாங்கிட்டுப் போயி பரண்ல போட்டுருவாங்க."

அமலோற்பவம் கேமராவை வெயிலில் இழுத்து வைத்தாள். இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டாள். ஒரு கவ்வி. இன்னொரு கவ்வி. பிறகு மீட்டர்.

பைக்குள் போன் அடித்தது.

"அண்ணனாத்தான் இருக்கும். எடுக்கலையாக்கா?"

அவள் மீட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முள் இறங்கிக்கொண்டிருந்தது. போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

பூஜ்யம் வந்த பிறகு கையை உள்ளே விட்டு, மோட்டாரை வெளியே எடுத்தாள்.