அணி மடங்கியது

வடக்கு எல்லையில் போர் நடந்துகொண்டிருந்தது. பாசறையிலிருந்து வரும் ஓலைகளைச் சந்தையில் படித்துச் சொல்லும் பொறுப்பு விடங்கனுக்கு. முன்பு படைத்தலைவனாக இருந்தவன். முழங்காலில் வேல் பாய்ந்த பிறகு அமுதகீர்த்தி அடிகளின் மடத்தில் சீடனாகச் சேர்ந்துவிட்டான்.

அன்று காலை வந்த ஓலையை அப்படியே படித்தான். “வலப்புற அணி மடங்கியது. பின்படை குன்றின் சரிவில் நிலைகொண்டது.”

சற்று நேரத்தில் சந்தை காலியானது. மாலைக்குள் பாதி ஊர் தெற்கே போகும் சாலையில் வண்டி கட்டி நின்றது. நெரிசலில் ஒரு வண்டி குடைசாய்ந்து நெசவாளி ஒருவரின் மனைவிக்குக் கை ஒடிந்தது.

விடங்கன் நொண்டியபடியே மடத்துக்கு விரைந்து வந்தான். அடிகள் கிழிந்த துணி ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தார்.

“சுவாமி, நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அணி மடங்கியது என்றால் சிதறாமல் பின்வாங்கி ஒன்றுகூடியது என்று பொருள். தோற்றுவிட்டோம் என்று இவர்களாகவே நினைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். என்மேல் என்ன தவறு?”

அடிகள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நாளைக்கு நான் ஆற்றுக்கு அக்கரை ஊருக்குப் போக வேண்டும். போகலாமா?”

“தாராளமாகப் போகலாம். பின்படை சரிவில் நிற்கிறது என்றால் எதிரி குன்றுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறான். நம் ஆட்கள் கணவாயை அடைத்து நிற்கிறார்கள். கணவாயை ஒட்டிய மேய்ச்சல் காட்டுக்கு மட்டும் போகாதீர்கள்.”

“இதைச் சந்தையில் சொன்னாயா?”

“ஓலையில் இது இல்லையே.”

“எனக்குச் சொன்னாயே.”

விடங்கன் வாசலில் கிடந்த ஒரு குச்சியை எடுத்துக்கொண்டான். பிறகு நொண்டிக்கொண்டே சாலைக்குப் போனான். வண்டிகளுக்கு முன்னால் உட்கார்ந்து, மண்ணில் ஆற்றையும் குன்றையும் கணவாயையும் குச்சியால் வரைந்தான். அடிகளிடம் சொன்னதையே சொன்னான். கூட்டம் நெருங்கி வந்தது.

“கணவாயில் நம் ஆட்கள் எத்தனை பேர்?” என்று ஒரு வணிகர் கேட்டார்.

“சொன்னால் எதிரி காதுக்கும் போகும். சொல்ல மாட்டேன் ஐயா.”

“என் மகன் அங்கேதான் இருக்கிறானா?” என்றாள் ஒருத்தி.

“தெரியாது அம்மா. கேட்டுச் சொல்கிறேன்.”

“ஜெயிப்போமா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

ஆம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. “தெரியாது” என்றான்.

இருட்டுவதற்குள் வண்டிகள் ஊருக்குள் திரும்பின.

அன்று விடங்கனுக்கு நன்றாகப் பசித்தது. நடந்ததையெல்லாம் அடிகளிடம் சொல்லிக்கொண்டே சாப்பிட்டான். இரண்டாம் முறை சோறு வாங்கியபோதுதான் சந்தேகம் வந்தது.

“ஒருவருக்குச் சொல்ல மாட்டேன் என்றேன். இரண்டு பேருக்குத் தெரியாது என்றேன். இனி என் பேச்சை யார் நம்புவார்கள், சுவாமி?”

அடிகள் கேட்டார். “காலையில் நீ ஓலை படித்தபோது யாராவது உன்னிடம் கேள்வி கேட்டார்களா?”

“இல்லை சுவாமி, கேட்காமலே வண்டி கட்டினார்கள்; மாலையில் தெரியாது என்ற பிறகும் வண்டியைத் திருப்பினார்கள்” என்று சொல்லிவிட்டு விடங்கன் எடுத்த கவளத்தை வாயில் போட்டான்.