பசியாறிய பெட்டி

ஒரே ஒரு ஊருக்கு மேலே ஒரே ஒரு வானமாம். அந்த வானத்தில், டிபன் டப்பா அளவுக்கு ஒரு செயற்கைக்கோளாம். அதைச் செய்து மேலே அனுப்பியவன் தூத்துக்குடி நயினார்.

அவன் ஜெசிந்தா டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"டீச்சர், என் பெட்டி சாகப் போகுது."

டீச்சர் அவனைவிட வயதில் இளையவள். ஆனாலும் வீட்டிலிருந்தபடியே உலகத்தோடு பேசும் பொழுதுபோக்கு வானொலியான ஹாம் ரேடியோவில் அவன் பேசப் பழகியது அவளிடம்தான். அன்றிலிருந்து அவள் அவனுக்கு டீச்சர்; அவன் அவளுக்கு அண்ணாச்சி.

உள்ளே வந்து கொட்டித் தீர்த்தான்.

வெயிலில் பறக்கும்போது பெட்டி தன் பேட்டரியை நிரப்பிக்கொள்ள வேண்டும். பூமியின் நிழலுக்குள் போனால் அதை வைத்துத்தான் பிழைக்க வேண்டும். கணக்கைச் சரியாகத்தான் போட்டிருந்தான். பேட்டரியோ நாளுக்கு நாள் இறங்குகிறது. கேமராவை அணைத்துப் பார்த்தான். ஹாம்காரர்களின் பேச்சை வாங்கித் திருப்பி அனுப்பும் வேலையையும் நிறுத்திப் பார்த்தான். இறக்கம் நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் இறங்கினால், நிழலுக்குள் போகும் பெட்டி வெறும் தகரமாகத்தான் வெளியே வரும்.

"இறங்குதுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"அதுகிட்டயே ரேடியோவுல கேட்கிறேன்ல. தலைக்கு மேல வரும்போதெல்லாம் கேட்கிறேன். அதுவும் விவரமா பதில் அனுப்புது. அந்தப் பக்கம் போனா ஜப்பான்காரர் கேட்பார், பிரேசில்காரர் கேட்பார். எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட.

டீச்சர் தட்டில் தோசையைக் கொண்டுவந்து வைத்தாள். காலையிலிருந்து பட்டினி கிடந்தவன் ஆசையாக ஒரு துண்டைப் பிய்த்தான்.

"அண்ணாச்சி, சாப்பிட்டீங்களா?"

கை பாதியில் நின்றது. "இல்ல டீச்சர், இப்பத்தானே."

மறுபடி பிய்த்தான்.

"வயிறு நிறைஞ்சுதா?"

"இன்னும் இல்ல."

"எவ்வளவு நிறைஞ்சிருக்கு? விவரமாச் சொல்லுங்க."

மரியாதைக்குத் துண்டைக் கீழே வைத்துவிட்டு விவரம் சொன்னான். அதற்குள் அடுக்களையிலிருந்து டீச்சரின் கணவர் எட்டிப் பார்த்து, அண்ணாச்சி சாப்பிட்டாச்சா என்று விசாரித்தார். அவருக்கும் பதில் சொன்னான்.

"முதல்ல என்னைத் திங்க விடுங்க டீச்சர்."

சொன்னவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். தோசையைப் பார்த்தான்; சன்னல் வழியே வானத்தைப் பார்த்தான்.

பிறகு மெதுவாகக் கேட்டான்: "கேட்காம இருந்து, அது போயிருச்சுன்னா? நமக்குத் தெரியக்கூடச் செய்யாதே?"

"தோசை ஆறுது" என்றாள் டீச்சர்.

அன்றே உலகத்துக் கூட்டாளிகள் எல்லோருக்கும் சொல்லியனுப்பினான், யாரும் அதைக் கூப்பிட வேண்டாமென்று. ஹாம்காரர்கள் வாய் ஓயாதவர்கள்தான். ஆனால் ஒருத்தர் அலைவரிசையை விட்டுத்தரச் சொன்னால் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். ஜப்பான் வாயை மூடியது. பிரேசில் வாயை மூடியது.

நயினாருக்குத்தான் முடியவில்லை. பெட்டி தலைக்கு மேலே வரும் நேரமெல்லாம் மாடியில் ரேடியோ முன்னால் உட்கார்ந்து, கைகளைத் தொடைக்கடியில் போட்டு அழுத்திக்கொள்வான். ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல். பெட்டி வந்தது, போனது. வந்தது, போனது. சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்த கையோடு டீச்சர் அந்த மாடிக்கு வந்தாள். இருவரும் ஸ்பீக்கரைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார்கள்.

இரைச்சலுக்கு நடுவே ஒரு கீச்சு.

இன்னொன்று.

மோர்ஸ், புள்ளியும் கோடுமாகப் பேசும் தந்தி மொழி. யாரும் கேட்காமல், தானாகவே, பேட்டரி நிரம்பிவிட்டது என்று பெட்டி சொன்னது. நிரம்பினால் ஹாம்காரர்களின் பேச்சுக்கு மறுபடி கதவைத் திறந்துவிடும்படி நயினார்தான் என்றைக்கோ அதற்குச் சொல்லிவைத்திருந்தான். திறந்துவிட்டது.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். மாலத்தீவு பதில் சொன்னது. கொச்சிக்காரர் புகுந்தார், பெங்களூர்க்காரர் புகுந்தார். ஆளுக்கு ஆள் பெட்டியை வாழ்த்தினார்கள்.

டீச்சர் மைக்கை எடுத்தாள். இடைவெளி கிடைக்கவில்லை. மறுபடி முயன்றாள். இல்லை. மைக்கைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

"என்ன அண்ணாச்சி, உங்க பெட்டியில உங்களுக்கே இடமில்லையே."

நயினார் வயிறு குலுங்கச் சிரித்தான். ரேடியோவை அணைக்காமலே, அவள் பின்னால் படியிறங்கிப் போனான்.