காப்புக் கட்டிய கையும் வௌவால் குட்டியும்

இந்தக் கதையில் கெட்ட எண்ணம் கொண்டவர் ஒருவரும் இல்லை. அதனால்தான் கடைசியில் வரும் கேள்விக்கு விடை சொல்வது சிரமம். அவசரப்படாமல் கேளுங்கள்.

ஆற்றுக்கு இக்கரையில் இருந்த கல்யாண மண்டபத்தைச் செங்கமலம் பார்த்துக்கொண்டாள். பெருக்குவது, சாவி வைத்திருப்பது, தேதி கொடுப்பது எல்லாம் அவள்தான். மணப்பெண் அறையின் மச்சுக்கு மேலே, ஓட்டுக்கும் பலகைக்கும் நடுவில், ஏழெட்டு வருஷமாகச் சின்ன வௌவால்கள் குடியிருந்தன. நாற்றம் தாங்க முடியாமல் போனதும், வைகாசிக் கடைசியில் நாகர்கோவிலிலிருந்து செல்வினை வரவழைத்தாள். வௌவாலைக் கொல்லாமல் வெளியேற்றுவது அவர் தொழில்.

செல்வின் ஏணியில் ஏறி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"குட்டி போட்டிருக்குக்கா. இப்ப ஓட்டையை அடைச்சா, இரைக்குப் போன தாய் வெளியில நிக்கும். பறக்கத் தெரியாத குட்டி உள்ள கிடந்து சாகும், இல்லைன்னா இடுக்கு வழியா கீழ இறங்கும். ஆடி பிறக்கட்டும். குட்டியும் பறந்துரும், உங்களுக்கும் கல்யாணம் இருக்காது. அப்ப வந்து ஓட்டை வாயில வலையைப் பாவாடை மாதிரி தொங்கவிடுறேன். வெளியில வந்தது திரும்ப உள்ள போக முடியாது. எல்லாம் வந்ததும் அடைச்சிரலாம்."

அவள் காய்ந்த புழுக்கையை அப்படியே பெருக்குவதைப் பார்த்து அதட்டினார். "தண்ணி தெளிச்சு, மூக்கைக் கட்டிட்டு அள்ளுங்க. அந்தத் தூசி நெஞ்சுல போய் உட்காரும். வௌவாலை வெறுங்கையால தொடவே கூடாது. நாய்க்கடியில வர்ற அதே வெறிநோய் இதுலயும் வரும். எல்லாத்துக்கும் இருக்காது. எதுக்கு இருக்குன்னு மூஞ்சியைப் பார்த்துச் சொல்லவும் முடியாது. பல் பட்டா கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவணும், அன்னைக்கே ஊசி போடணும்."

ஆனியின் கடைசி முகூர்த்தம் பூரணிக்கு. அவளுக்கு அப்பா இல்லை. தாய்மாமன் கோட்டைச்சாமிதான் முன்னின்று நடத்தினார். மச்சுக்கு மேலே குட்டிகள் இருப்பதைச் செங்கமலம் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேறு மண்டபம் பார்த்துக்கொள்வார்களோ, மண்டபத்துக்காரர்கள் தன்னைப் பிடித்துக் கேட்பார்களோ என்று பயம். அந்த அறைப் பக்கம் போகும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்தாள். கதவைச் சாத்தினாள், திறந்தாள், மறுபடியும் சாத்தினாள்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, பந்தல் வேலையைப் பார்க்க வந்த கோட்டைச்சாமி, பொழுது சாயும் நேரத்தில் வௌவால்கள் கூரை ஓட்டையிலிருந்து புகை போல வெளியேறுவதைக் கண்டார். கடைசி வௌவாலும் போகும்வரை பொறுமையாக நின்றார். பிறகு ஏணி வைத்து ஏறி, சிமெண்டைக் குழைத்து ஓட்டையை அடைத்தார். ஒன்றைக்கூடக் கொல்லவில்லை என்ற நிறைவு அவருக்கு.

"எல்லாம் போயிருச்சு தாயி. இனி புள்ள பயமில்லாம இருப்பா" என்றார்.

செங்கமலம் வாயைத் திறந்தாள். வேலைதான் முடிந்துவிட்டதே, இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் பூரணிக்குக் காப்புக் கட்டினார்கள். மஞ்சள் கயிறு மணிக்கட்டில் ஏறிவிட்டால், தாலி கட்டும்வரை பெண் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். எல்லை என்பது ஆற்றுப் பாலம். பெரிய ஆஸ்பத்திரி பாலத்துக்கு அக்கரையில் இருந்தது.

மத்தியானம் செங்கமலம் காப்பி கொண்டுபோனபோது பூரணி தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கட்டை விரல் அளவுக்கு ஒரு வௌவால் குட்டி. மச்சு இடுக்கிலிருந்து விழுந்திருக்கிறது. அதை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"பாவம்க்கா, அம்மாவைத் தேடுது."

ஆள்காட்டி விரலில் ஊசி குத்தினாற்போல ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது.

செங்கமலம் அவளைக் குழாயடிக்கு இழுத்துப்போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினாள். கழுவக் கழுவப் பூரணி அழுதாள். ஏற்கெனவே ஒரு சம்பந்தம் நிச்சயமாகித் தட்டிப்போனவள் அவள்.

"மாமியாருக்குத் தெரிஞ்சா சகுனம் பார்ப்பாங்கக்கா. தாலி ஏறட்டும், நானே போய் ஊசி போட்டுக்கிறேன். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு கையில அடிங்க."

அந்த ஈரக் கையில் செங்கமலம் அடித்துச் சத்தியம் செய்தாள். பிறகு பின்கட்டுக்குப் போய்ச் செல்வினுக்குப் போன் போட்டாள்.

"நாளைக்குப் போனா ஆகாதா தம்பி?"

"முகூர்த்தம் பார்த்து வர்ற நோய் இல்லக்கா அது. காய்ச்சல் கண்டுட்டா அப்புறம் மருந்தே கிடையாது. இப்பவே கூட்டிட்டுப் போங்க."

காப்புக் கட்டியவளை எல்லை தாண்ட அனுப்புவதும் மறுப்பதும் மாப்பிள்ளை வீட்டின் கையில் இருந்தது. எனவே பூரணி யாருக்குத் தெரியக் கூடாது என்று அழுதாளோ, அந்த மாமியார் ஆவுடைத்தாயிடமே போய் நின்றாள் செங்கமலம். மாப்பிள்ளையின் அம்மா பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"எம் மவனுக்குப் பொண்டாட்டிதான் வேணும், மாலை போட்ட போட்டோ வேண்டாம். காரை எடுக்கச் சொல்லு."

காப்புக் கட்டிய கையோடு பூரணி பாலம் தாண்டினாள். காயத்தைச் சுற்றி ஒரு ஊசி, தோளில் ஒரு ஊசி. சாயங்காலம் செல்வின் வந்து சிமெண்டைப் பெயர்த்தார். கையுறை போட்டுக்கொண்டு, விழுந்திருந்த குட்டிகளை மேலே ஏற்றிவிட்டு, அந்த அறையைப் பூட்டினார்.

மறுநாள் கல்யாணம் நடந்தது. ஆனால் பந்தியில் இரண்டு பேர், "காப்போட எல்லை தாண்டினவ, நாய்க்கடி ஊசிக்காரி" என்று சிரித்தார்கள். அது பூரணியின் காதில் விழுந்தது. செங்கமலம் தாம்பூலம் வாங்கக் கை நீட்டியபோது பூரணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாமன் மருமகளுக்காக ஓட்டையை அடைத்தார். பெண் இரக்கப்பட்டுத் தொட்டாள், பயந்துபோய் மறைக்கச் சொன்னாள். செங்கமலம் கையில் அடித்த சத்தியத்தை ஒரு மணி நேரத்தில் உடைத்தாள். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: கோட்டைச்சாமி வெளியே போனவற்றைப் பார்த்தார், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. பூரணியின் இரக்கத்தில் குறையில்லை. ஒரு முறத்தில் தள்ளி எடுத்திருக்கலாம்தான், ஆனால் அதை அவளுக்கு யார் சொன்னார்கள்? மறைத்ததுதான் பிசகு. செங்கமலம் சத்தியத்தை மீறியதே சரி. பேச்சு வாங்கினால் பொறுத்துக்கொள்ளலாம், அந்த நோயைப் பொறுத்துக்கொள்ள முடியாது. ஆனால் இதையெல்லாம் அவள் முதலிலேயே மாமனிடம் சொல்லியிருந்தால் சத்தியத்துக்கே வேலை வந்திருக்காது. அந்தப் பழி அவளுடையது, அவளும் அதை அறிவாள். பூரணியின் கோபம் எப்போது தீரும் என்று கேட்டால், அதற்கு விடை இல்லை. கோபித்துக்கொள்ள அவள் உயிரோடு இருக்கிறாள்.