பதினைந்தாவது புள்ளி

“இந்த ஒரு புள்ளி மட்டும் இல்லேன்னா நான் கரையேறிருவேன் மேடம்” என்றார் தங்கமாரியப்பன்.

அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. கல்லூரியில் இயற்பியல் வாத்தியார். அவருடைய ஆய்வுக்கு வழிகாட்டியான ஜெசிந்தாவுக்கு முப்பத்தாறு. குருவுக்கு நரைத்திருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

பிறந்துகொண்டிருக்கும் ஒரு நட்சத்திரம். அதைச் சுற்றிக் கனத்த தூசி உறை. நட்சத்திரம் கண்ணுக்குத் தெரியாது. சூடேறிய தூசி விடுகிற வெளிச்சம்தான் நமக்கு வரும். அதை வைத்து உறையைக் கணினியில் கட்ட வேண்டும்.

நான்கு வருடம் மாய்ந்து மாய்ந்து கட்டியிருந்தார். நல்ல உருண்டை. ஒரு விரிசல் கிடையாது.

தொலைநோக்கிகள் அளந்து தந்த பதினைந்து புள்ளிகளில் பதினான்கு, அவர் கட்டிய உறையை வைத்துப் போட்ட கோட்டில் சமர்த்தாக உட்கார்ந்துவிட்டன. பதினைந்தாவது, தூசியைத் தாண்டி வரவே முடியாத ஒளியின் அளவு. அது மட்டும் கோட்டுக்கு மேலே தனியாக நின்று வம்பு பண்ணியது.

வெள்ளிக்கிழமை ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். தவறினால் பதிவே ரத்து.

“அப்ப எடுத்துருங்க சார்” என்றார் ஜெசிந்தா.

தங்கமாரியப்பனின் விரல் அழிக்கும் பொத்தான்மேல் போய் நின்றது. அழுத்தவில்லை.

“என்ன யோசனை?”

“மூணு தொலைநோக்கியும் அதையேதான் சொல்லுது மேடம். நிஜமா வந்த வெளிச்சம்.”

“அப்ப எது நிஜமில்ல?”

தங்கமாரியப்பன் நிமிர்ந்து பார்த்தார். திரையில் அவருடைய உறை அழகாக மூடிக்கொண்டு கிடந்தது.

“இதுல வாசல் எங்க சார் வச்சீங்க?”

“வாசலா?” அவருக்குக் கோபமே வந்துவிட்டது. “அத்துவானத்துல போயி அதுக்கு யாரு மேடம் வாசல் வைக்கிறது?”

ஜெசிந்தா எழுந்தார். சாத்தியிருந்த கதவை உள்ளேயிருந்து தள்ளித் திறந்துகொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

தங்கமாரியப்பன் மலங்க மலங்க விழித்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார். இளம் நட்சத்திரம் சும்மா இருக்காது, இரண்டு துருவத்திலும் உறையைத் துளைத்துக்கொண்டு வாயுவைப் பீய்ச்சி அடிக்கும் என்று இருபது வருடமாக வகுப்பில் கத்திக்கொண்டிருப்பவரே அவர்தான்.

ஜெசிந்தா திரும்பி வந்தபோது பதினைந்தாவது புள்ளி இருந்த இடத்திலேயே இருந்தது. நான்கு வருடத்து உறையைத்தான் காணோம்.

“வெள்ளிக்கிழமை சார்?”

“வரட்டும் மேடம். அது எந்தப் பக்கம் திறந்திருக்குன்னு முதல்ல பாப்போம்.”